டாக்டர் முன்னால் வாசித்த டைரி

சென்ற ஆண்டு ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து ஒன்பதாம் நாள், காலை பத்தே கால் மணி. ராஜபாளையத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரின் அறையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மாதமாக அவளுக்கு விடாத தலைவலி. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் தலைவலியைப் பற்றிக் கேட்கவில்லை. "வாடை தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். எப்போதிலிருந்து என்றார்.

"போன மாசம் சளி பிடிச்சுச்சு, அதுலருந்துதான் சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல சார், ரொம்ப நாளாச்சு" என்றாள் அவள். "இவுகளை டைரியைப் பாக்கச் சொல்லுங்க. வீட்டுல பல்லி விழுந்தாலும் எழுதி வச்சிருவாக."

உண்மைதான். முப்பது வருடமாக எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்றைக்கு மழை பெய்தது, எந்தப் புத்தகத்தை என்றைக்குப் படித்து முடித்தேன், எல்லாம் அதில் இருக்கும். தலைவலி தொடங்கிய தேதியைக் கேட்பார்களே என்று இரண்டு வருட டைரிகளைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் வெளியே எடுத்தேன்.

"வாசிங்க" என்றார் டாக்டர்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆனி மாதத்தில் முதல் குறிப்பு: 'பால் தீய்ந்தது. கவனமில்லை.' ஆவணியில்: 'மறுபடியும் பால். பக்கத்திலேயே நின்றாளாம், தெரியவில்லையாம். மூக்கை அடகு வைத்துவிட்டாயா என்று கேட்டேன்.' ஐப்பசியில்: 'ஊசிப்போன சாம்பார். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.'

டைரியை மூடப் போனேன்.

"மிச்சத்தையும் வாசிங்க. டாக்டருக்குத் தெரியணும்ல" என்றாள் அவள்.

மொத்தம் பதினொரு குறிப்புகள். அத்தனையையும் வாசித்தேன்.

ஸ்கேனில் தெரிந்த கட்டியை எடுக்க மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி மூளைக்குள் இல்லை. மூளையைச் சுற்றியிருக்கும் உறையில், வாசனை நரம்பை அமுக்கிக்கொண்டு வளர்ந்திருந்தது. அந்த உறையில் வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல என்று எங்கெங்கோ படித்து மனதைத் தேற்றி வைத்திருந்தேன். திசுப் பரிசோதனை வேறு விதமாகச் சொன்னது. வேறு உறுப்பிலிருந்து பரவியதல்ல, அந்த உறையிலேயே தொடங்கிய அரிதான புற்று.

"ஒரு வருசம் முந்தியே வந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது சார்" என்றார். எதுவும் மாறியிருக்காது என்றாவது அவர் சொல்லியிருக்கலாம்.

கதிர்வீச்சு முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இதுவரை புதிதாக எதுவும் இல்லை. வாசனை திரும்பவில்லை.

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எதுக்கு? அடுத்த ஸ்கேனுக்கும் கேப்பாக."

மன்னித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தமா, தெரியவில்லை. அவள் உடம்பு ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் தேதி தப்பாமல், அவள் குற்றமாக எழுதிவைத்த நான், உனக்கு என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது தினமும் கேட்கிறேன். ஒண்ணுமில்லை என்கிறாள். அதை அப்படியே எழுதிவிடாமல், இன்னொரு தடவை கேட்கிறேன்.