காசிமேட்டில் இல்லாத நாய்

காலடிப்பேட்டையில் யார் செத்தாலும் எங்கள் தெரு வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். மேளம் இருக்கும், பூவை வாரி இறைப்பார்கள், நாலு வீட்டுக்கு ஒரு பட்டாசுச் சரம் கொளுத்துவார்கள். செத்தவர் நிம்மதியாகப் போய்ச் சேருகிறாரோ இல்லையோ, இருக்கிறவர்களுக்குக் காது போய்விடும். அன்று மாலை நாயைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்த் திரும்புகிறேன், எதிரே அப்படி ஓர் ஊர்வலம். ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஒரு மகராசன் என் காலடியிலேயே சரத்தைக் கொளுத்திப் போட்டான். நாய் ஒரே இழுப்பில் தலையை உருவிக்கொண்டு பாய்ந்தது. கழுத்துப் பட்டை மட்டும் கயிற்றோடு என் கையில் தொங்கியது.

கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அது கடல் பக்கமாக ஓடியது. அந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச்சாலை. துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள், டிரெய்லர் என்று நாங்கள் சொல்வது, ஒன்றன் பின் ஒன்றாக ராயபுரம் கேட் வரைக்கும் வரிசையில் நிற்கும். அந்த வரிசை சில சமயம் நாள் முழுவதும் அசையாது. ஆனால் சரக்கை இறக்கிவிட்டு எதிர்ப் பக்கம் காலியாக வருகிற லாரிகளுக்குக் கண் மண் தெரியாது. எங்கள் நாய்க்கு இடது கண்ணில் பூ விழுந்து வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் எது வந்தாலும் அதற்குத் தெரியாது. நான் சாலைக்கு வந்து சேர்ந்தபோது நாய் கண்ணில் படவில்லை. இருட்டும் வரை அங்கேயே மேலும் கீழும் நடந்தேன்.

ஜாதி நாய் எல்லாம் இல்லை. தெருவுக்குத் தெரு பழுப்பு நிறத்தில் திரியுமே, அதில் ஒன்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால்தான் நாயைக் கொஞ்சுகிறேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பத்துப் பிள்ளை இருந்திருந்தாலும் இதைக் கொஞ்சியிருப்பேன். சொன்னால் நம்பவா போகிறார்கள், விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் நாய் காணாமல் போனால் யாரும் யோசிப்பதே இல்லை. காசிமேட்டில் போய்ப் பார் என்பார்கள். மீன் இறங்குகிற இடம், கழிவு கொட்டுகிற இடம், திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை எந்த நாய் ஓடினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டு அக்கா அதைச் சொன்னார். இஸ்திரி போடுகிறவர் சொன்னார். என் வீட்டுக்காரரும் சொன்னார். இவருக்கு மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, பேச்சு கொஞ்சம் கம்மி. அவரே வாயைத் திறந்து சொல்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நெத்திலி ஆய உட்கார்ந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிற நாய் அது. இது எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழி நெடுக டிரெய்லர் வரிசையை ஒட்டித்தான் போனோம். நான் லாரிகளைப் பார்க்கவில்லை, தார் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பழுப்பாக எது கிடந்தாலும் எட்டிக் குனிந்து பார்த்தேன். ஒரு இடத்தில் கிழிந்த தார்ப்பாய், இன்னொரு இடத்தில் அட்டைப் பெட்டி. ஒவ்வொன்றும் நாய் இல்லை என்று தெரிந்த பிறகே மூச்சு வந்தது. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

காசிமேட்டில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. நான் நாயைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பாப்பா, பாப்பா என்று அழுதுகொண்டே போனால் என்ன ஆகும்? மீன்காரப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை வயசு, என்ன சட்டை போட்டிருந்தது என்று கேட்டார்கள். நாய் என்று சொன்னேன். பெரிய உருவமாக இருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாமே, நாயா? ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. சரி, இன்னா கலர், அத சொல்லு.”

திட்டிக்கொண்டேதான் தேடினார்கள். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், வலைக் குவியலுக்குப் பின்னால், படகு பழுது பார்க்கிற இடத்தில். நாய்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து இதுவா என்று காட்டினார்கள். ஒரு கறுப்பு நாயைக்கூடக் கொண்டுவந்தார்கள், பாசம் பொங்கும்போது நிறம் யாருக்குத் தெரியும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இதற்குள் தெரு வாட்ஸ்ஆப் குரூப்பில் பக்கத்து வீட்டு அக்கா படம் போட்டிருந்தார். வடசென்னையில் உள்ள பழுப்பு நாய் எல்லாம் என் போனுக்கு வந்து சேர்ந்தன. அத்திப்பட்டிலிருந்து ஒருவர் அடித்துச் சொன்னார், இதுதான் உங்கள் நாய் என்று. அதற்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. பிறகு யாரோ, நாய் வண்டி பிடித்துப் போயிருக்கும், கழுத்தில் பட்டை இல்லையே என்றார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு புளியந்தோப்புக்கு, மாநகராட்சிக்காரர்கள் நாய்களை அடைத்து வைக்கிற இடத்துக்கு ஓடினோம். அங்கே இருந்தவர் பாவம், பொறுமையாக ஒவ்வொரு கூண்டாகக் காட்டினார். எல்லா நாயும் என்னைப் பார்த்தன. எங்கள் நாய் மட்டும் இல்லை. வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தில், இவரை, ஊர்வலக்காரனை, பட்டாசு கண்டுபிடித்தவனை எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். இவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

திரும்புகிற வழியில், தண்டையார்ப்பேட்டைக்கு நேராகக் கடற்கரைச் சாலையில் ஒரு டீ குடிக்க நிறுத்தினோம். டீ கொடுத்தது, லாரிக்காரர்களுக்குக் கேனில் எடுத்துப்போய் விற்கிற ஒரு பெண். என் வீங்கின முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். அதற்குள் யாரிடம் சொன்னாலும் பயனில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். இருந்தாலும் சொன்னேன், ஒரு கண் தெரியாது என்பதையும்.

“அந்த நாயா? நேத்துலேர்ந்து ஒரு டிரெய்லருக்கு அடிலயே பட்துகினு கீதுக்கா. வண்டி நவுந்தா எழுந்து அதுவும் நவுரும். திரும்ப அடில போயி பட்துக்கும். டிரைவரு ரசஞ்சோறு போட்டுகினு கீறாரு.”

எந்த வண்டி, எங்கே என்று இவர்தான் கேட்டார். காலையில் கேட் பக்கம் போய்விட்டது, இப்போது வரிசையை உள்ளே விடுகிறார்கள் என்றார் அந்தப் பெண். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

அப்போதுதான் விளங்கியது. பயந்து ஓடின நாய் முதலில் கிடைத்த நிழலில் புகுந்திருக்கிறது. அந்த நிழலுக்குச் சக்கரம் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக ராயபுரத்துக்கு நகர, நாயும் கூடவே நகர்ந்து ஊரைவிட்டே வந்துவிட்டது. காலையில் அதைத் தாண்டித்தான் நாங்கள் காசிமேட்டுக்குப் போயிருக்கிறோம்.

கேட்டை நெருங்க நெருங்க லாரிகள் உறுமத் தொடங்கின. வரிசை முழுவதும் நகர்கிறது. உள்ளே போய்விட்டால் அதற்கப்புறம் யாரைக் கேட்பது, எங்கே தேடுவது? அதைவிட, இத்தனை சக்கரத்துக்கு நடுவில் அது எந்தப் பக்கம் திரும்பும்? ஸ்கூட்டர் முழுதாக நிற்பதற்குள் குதித்து, ஒவ்வொரு டிரெய்லருக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினேன். எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் தரை. பாப்பா என்று கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பதில் மேலேயிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தால், கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு, லாரி ஓனர் மாதிரி குரைக்கிறது.

டிரைவர், பேச்சை வைத்துப் பார்த்தால் நாமக்கல் பக்கத்து ஆள். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

“வண்டி எடுக்கச் சொல்லிட்டாங்க. இதுக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியலீங்க. அடியில உட்டுட்டு எடுக்க மனசு வரலீங்க்கா, தூக்கி மேல வெச்சுக்கிட்டேன்.”

நாய் என் மேல் விழுந்தது. முகமெல்லாம் நக்கியது. மேலெல்லாம் டீசல் வாடை. எனக்குத் தெரிந்த வசவு அத்தனையும் அதன் காதில் சொன்னேன். அதைக் கட்டிக்கொண்டு அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. செக்யூரிட்டி கத்தினார். டிரைவருக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை, அவர் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். போகும்போது ஒரு தடவை எட்டி நாயைப் பார்த்தார். அந்த ஊர்ப் பேச்சையும் தன் கழுத்தில் அவர் கட்டியிருந்த பச்சைத் துண்டையும் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

நாயை நடுவில் உட்கார வைத்து வீடு வந்தோம். பேசாத மனுஷன் வழியெல்லாம் நாயிடம் பேசிக்கொண்டே வந்தார். இன்னா, டிரெய்லர்ல போயி ஏத்துமதி ஆவப் பார்த்தியா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வாசலில் இறங்கியதும், புளியந்தோப்பு போகும்போது இவர் வாங்கி வைத்த தண்ணீர் பாட்டிலை எடுக்க ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். பாட்டிலுக்கு அடியில் ஒரு கோணிப்பை. துவைத்து, மடித்து வைத்தது. எங்கள் வீட்டு அரிசிக் கோணி. கோணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ரோட்ல அடிபட்டு கெட்ந்தா சும்மா உட்டுட்டு வர முடியாதில்ல,” என்றார்.

விடியற்காலையில் நான் எழுந்திருப்பதற்குள் எடுத்து வைத்திருக்கிறார். நாள் முழுக்க அதன் மேல் உட்கார்ந்துதான் நானும் சுற்றியிருக்கிறேன். கோணியை உதறிக் கூடத்தில் விரித்தேன். நாய் அதை முகர்ந்து பார்த்தது, இரண்டு சுற்று சுற்றியது, படுத்துக் குறட்டை விடத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.