இரண்டு மகஜர்களுக்கு ஒரு ஜெயபாய்

ஜெயபாய் வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் முப்பத்தொன்று. பதினேழுக்குப் பதில் வந்திருந்தது. பதினேழும் 'வருந்துகிறோம்' என்றுதான் சொல்லின. ஆனால் அவளை வருத்தியது அந்தச் சேதியைவிட அதை அடித்திருந்த லட்சணம். இடது ஓரம் வரிக்கு ஓர் இடத்தில் நிற்கும். முற்றுப்புள்ளி வைத்த வேகத்தில் தாளில் துளை விழுந்திருக்கும். அவள் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு கடிதத்தையும் திருத்தி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டு வைத்தாள். அதுவரை முப்பத்தைந்தைத் தாண்டித் தேறியவர்கள் இரண்டே பேர், திருவனந்தபுரத்தில் ஒருவர், நாகர்கோவிலில் ஒருவர்.

"இல்லைன்னு சொல்லியதக்கூட நேரா அடிக்கத் தெரியல்ல. இவனுக்கு சோலி உண்டு, எனக்கு இல்ல. பாத்தியளா அப்பா?"

ஈசாக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சிவப்புக் கோடுகளை மட்டும் எண்ணினார். "நீ மார்க்கு போட்டத அவனுக்கே திருப்பி அனுப்பிராத மக்கா. அங்க இனியும் ஒருக்க விண்ணப்பம் போட வேண்டியதாக்கும்."

ஈசாக் நெசவுக்காரர். வீட்டுக்குள் இரண்டு குழித்தறிகள் இருந்தன. மகள் பள்ளி இறுதி வகுப்பு தேறியதும், டைப்ரைட்டிங் படித்தால் அரசாங்க வேலை என்று யாரோ சொல்ல, ஒரு தறியை விற்று அவளைப் படிக்க வைத்தார். தறி போய்விட்டது, குழி போகவில்லை. அதில் கோழிகள் அடையத் தொடங்கின. மிச்சமிருந்த தறியும் வாரத்தில் மூன்று நாள் ஓடினால் நான்கு நாள் நின்றது. நூல் விலை ஏறி, துணி விலை இறங்கி, வியாபாரிகள் கைவிரித்துவிட்ட வருடம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. விற்ற தறிக்கு ஈடாக ஒரு வேலையைக் கொண்டுவந்து வைத்தாக வேண்டும் என்பது ஜெயபாய்க்குத் தெரியும். அப்பா அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோழிகள்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தன.

விரல் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அவள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பயன்படுத்திக்கொண்டாள். மடியில் பாட்டுப்புத்தகத்தை வைத்து, போதகர் சொல்லச்சொல்ல ஆங்கில எழுத்தில் விரலால் அடித்துக்கொண்டே போவாள். அவர் 'கடைசியாக' என்று சொல்லும்போது புதுப் பத்தி. அவர் நான்கு முறை 'கடைசியாக' சொல்லக்கூடியவர்.

வேலை கிடைக்காததற்குக் காரணம் விரல் அல்ல, ஊர். பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவே கிடந்த மாவிளைக்கோணம் எந்த ராஜ்யத்தில் இருக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்கள் சென்னையோடு சேர வேண்டும் என்று போராட்டம். நெய்யாற்றின்கரையின் தென் ஓரமும் கூடவே வர வேண்டும் என்று ஒரு கட்சி, வரக்கூடாது என்று மறு கட்சி. திருவனந்தபுரத்தில் நேர்காணலுக்குப் போனால் அதிகாரி ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு, "நிங்கள் மதராசிலேக்குப் போகுன்னவரல்லே? பின்னெ இவிடெ எந்தினா ஜோலி?" என்றார், சென்னைக்குப் போகிறவளுக்கு இங்கே வேலை எதற்கு என்று. நாகர்கோவில் ஜவுளிக்கடை முதலாளியோ, "நீங்க மலையாளத்தோட நிக்கப்போற ஊராச்சே, நாளைக்கு நின்னுட்டீங்கன்னா இஞ்ச ஆரு அடிப்பா?" என்று கேட்டார். இரண்டு ராஜ்யமும் அவளை மரியாதையாக அடுத்த ராஜ்யத்துக்கு விட்டுக்கொடுத்தன.

இந்தச் சமயத்தில்தான் எல்லைகளை விசாரிக்க டில்லியில் ஒரு கமிஷன் அமைத்தார்கள்.

ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் ஞானசிகாமணி தமிழ்க் கட்சி. ஒரு சனிக்கிழமை அவர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். "மக்கா ஜெயபாயி, கமிஷனுக்கு ஒரு மகஜர் அடிக்கணும். நம்ம ஊரு முச்சூடும் தமிழுதான்னு. சென்னையோட சேந்தா எத்தன புது ஆபீசு வரும் தெரியுமா? முதல் டைப்பிஸ்டு நீயாக்கும்."

திங்கட்கிழமை கூட்டுறவு சொசைட்டிச் செயலாளர் சோமன் வந்தார். அவர் மறு கட்சி. "கொச்சே, ஒரு மகஜர் வேணம். இந்த ஊரு ஆதிமுதல் மலையாளமாணுன்னு. நம்ம சொசைட்டியில மெஷின் உண்டு, அடிக்க ஆளில்ல. காரியம் ஜெயிச்சா மறுநாளே நியமனம்."

இரண்டும் ஆங்கிலத்தில்தான் வேண்டுமாம். தமிழ் ஊர் என்பதையும் மலையாள ஊர் என்பதையும் இங்கிலீஷில் சொன்னால்தான் டில்லிக்கு விளங்கும்.

ஜெயபாய் இருவரிடமும் சரி என்றாள். ஈசாக் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ரெண்டு பேரும் ஜெயிக்க முடியாதே மக்கா?"

"அதுனாலதானே ரெண்டு பேருக்கும் அடிக்கேன். ஆரு ஜெயிச்சாலும் ஒரு சோலி உறப்பு."

ஈசாக்குக்கு இதில் எங்கோ ஒரு நூல் அறுந்திருப்பதாகத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை. மறுபடி தறியை ஓட்டினார்.

கையெழுத்து வாங்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. ஞானசிகாமணியைக் கண்டால் பாதி வீடுகள் கதவைச் சாத்தும், சோமனைக் கண்டால் மீதிப் பாதி. ஜெயபாய்க்கு எல்லாக் கதவும் திறந்தது. அவள் இரண்டு கட்டுத் தாள்களையும் நீட்டி, இது இதற்கு, அது அதற்கு என்று ஒளிக்காமல் சொன்னாள்.

பக்கத்து வீட்டு விஜயம்மா கேட்டாள். "ரெண்டும் உன் சோலிக்காக்கும்?"

"ஓம் அக்கா."

"அப்போ கொண்டா." விஜயம்மா ஒன்றில் தமிழிலும் மற்றதில் மலையாளத்திலும் கையெழுத்திட்டாள். "மலையாளத்துல போட்டதுதான் அழகாட்டு இருக்கு. அவனுவளே ஜெயிக்கட்டு. இல்ல, வேண்டாம். ஆரு சம்பளம் கூடத் தருவானோ அவன் ஜெயிக்கட்டு."

ஊரே அப்படித்தான் போட்டது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் தங்கள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இருக்கும், இந்தப் பெண்ணுக்காவது ஒரு வழி பிறக்கட்டும் என்று நினைத்தார்கள். யாரும் இதைப் போய்த் தலைவர்களிடம் சொல்லவில்லை. மாவிளைக்கோணத்தில் தலைவர்களிடம் எதையும் சொல்கிற வழக்கமே கிடையாது.

அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்ததில்தான் ஜெயபாய் ஒரு காரியம் செய்திருந்தாள். உதியன்குளங்கரை முக்கில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய சிவதாணு, பழைய மாணவி என்பதால் மத்தியானம் இரண்டு மணி நேரம் மெஷினைச் சும்மா தந்திருந்தார். மகஜர் இரண்டையும் தனித்தனியே அடித்தாள். ஆனால் பெயர்ப் பட்டியல்? நூற்று நாற்பத்து மூன்று பெயர், வீட்டுப்பெயர், வயது. ஒரே ஊர், ஒரே ஆட்கள். அதை இரண்டு முறை அடிக்க எந்த டைப்பிஸ்டுக்குக் கை வரும்? நடுவில் கார்பன் வைத்து ஒரே அடியாக அடித்தாள். மேல்தாள் முதலில் வந்து கேட்ட ஞானசிகாமணிக்கு. கீழ்த்தாள் அடுத்து வந்த சோமனுக்கு. இதில் பட்சபாதம் ஏதும் இல்லை. வந்த வரிசை அது.

மகஜர்கள் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருடம் ஆகஸ்டில் தெற்கே போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். சில நாள் பஸ் ஓடவில்லை, முக்கில் நாலு பேர் சேர்ந்து நிற்கவில்லை, எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் விளையாட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. ஒரே ஊருக்கு இரண்டு மகஜர் அடித்த ஜெயபாய் அந்த நாட்களில் இன்ஸ்டிடியூட் பக்கமே போகவில்லை.

மழை விட்டபின் ஒரு விசாரணை அதிகாரி வந்து முசாவரி பங்களாவில் தங்கினார். வடக்கத்திக்காரர். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, அதனால்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. ஞானசிகாமணி, சோமன், ஜெயபாய் மூவருக்கும் ஒரே நாளில் ஆள் வந்தது.

அதிகாரி இரண்டு பட்டியல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெயர்மேல் பெயர் அச்சாகப் பொருந்தி நின்றது.

"நூற்று நாற்பத்து மூன்று பேரும் இந்த ராஜ்யம்தான் வேண்டும் என்கிறார்கள். அதே நூற்று நாற்பத்து மூன்று பேரும் அந்த ராஜ்யம்தான் வேண்டும் என்கிறார்கள். இரண்டையும் தட்டச்சு செய்தது நீங்களா?"

"நான்தான் சார்" என்றாள் ஜெயபாய், ஆங்கிலத்தில். "ஆனால் நூற்று நாற்பத்து மூன்று என்பது சரியல்ல. அறுபத்தேழாவது பெயர், எலியா, ஒன்றில்தான் கையெழுத்திட்டார். மற்றதை நீட்டுவதற்குள் பனையில் ஏறிவிட்டார். இறங்கவே இல்லை."

அதிகாரி அறுபத்தேழைத் தேடிப் பார்த்தார். சரியாக இருந்தது. "இவர்கள் உண்மையில் விரும்புவது எதை?"

"அதை நான் கேட்கவில்லை சார். எனக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்குத்தான் கையெழுத்துப் போட்டார்கள்."

தலைவர்கள் இருவரும் இதுவரை ஒருவரை ஒருவர் முறைத்தவர்கள், இப்போது சேர்ந்து அவளை முறைத்தார்கள். பிறகு சோமனின் பார்வை மேசைமேல் கிடந்த தாள்களுக்குப் போனது. குனிந்தார். விரலை வைத்துத் தேய்த்தார். விரல் நுனியில் நீலம்.

"இது கார்பனல்லே?" சோமனின் குரல் ஏறியது. "அவர்க்கு அசலு, நமக்கு நகலா?"

ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார். தன்னுடையது கறுப்பாக, கொட்டை கொட்டையாக இருந்ததைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. "ஊரே அசல் தமிழாக்கும். பின்ன பட்டியலும் அசலாத்தானே இருக்கும்?"

"மாஷே, வாய அடக்கும்!"

"நகலக் கொண்டுவந்துட்டு என்னைய அடக்கச் சொல்லுதீரா?"

அதிகாரியோடு வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பட்டியல்களையும் தள்ளிவைத்து, இரு தரப்பும் பதினைந்து நாளுக்குள் புதிதாகக் கொடுக்கலாம், கையெழுத்துகளைத் தாங்களே போய் வாங்க வேண்டும் என்று எழுதினார். ஜெயபாயிடம், "உங்கள் இடது ஓரம் மிக நேராக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். ஓர் அதிகாரி அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதை வைத்துச் சோறு வாங்க முடியாது.

வெளியே வந்ததும் ஞானசிகாமணி, "முதல் டைப்பிஸ்டுன்னு சொன்னது போச்சு, கேட்டியா?" என்றார். சோமன் சைக்கிளில் ஏறிப் போனார். ஆக இரண்டு ராஜ்யத்தில் இருந்த இரண்டு வேலையும் ஒரே பகலில் போயின. வீட்டில் ஈசாக், "அறுந்த நூலு எங்கன்னு இப்பம் தெரிஞ்சுது மக்கா" என்றார். கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார்.

ஆனால் ஞானசிகாமணியால் சும்மா இருக்க முடியவில்லை. முக்கில், பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில், எங்கும் ஒரே பேச்சு. "அதிகாரியே கண்டாரு. நம்மது அசல். அவியளுது கார்பன்." ஒரு வாரத்தில் சிறு பிள்ளைகள்கூடச் சோமனின் சைக்கிளைக் கண்டால் 'கார்பன், கார்பன்' என்று கத்தத் தொடங்கின. அவர் கட்சிக்காரர்களே அவரைப் பிடித்து, இத்தனை பெரிய காரியத்தில் நகல் தாளை வாங்கிக்கொண்டு வந்தீரா என்று கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள் சோமன் வந்தார். உட்காரவில்லை.

"ஒப்பெல்லாம் வாங்கியாச்சு. புது மகஜர் அடிக்கணம். இனி நம்ம காகிதம் ஒண்ணும் நகலாப் போகக்கூடாது."

"அடிச்சுத் தாறேன் சார்" என்றாள் ஜெயபாய். "ஆனா ஜெயிச்ச பெறகு சோலிங்குத வாக்கு இனி எனக்கு வேண்டாம். மொதல்ல நியமன உத்தரவு. அதுக்குப் பெறகு மகஜர்."

"எல்லை தீருமானம் ஆகாதெ எங்ஙனே நியமனம்?"

"சொசைட்டி இப்பமும் நடக்குதே சார். கடுதாசி வருது, பதிலு போகல்ல. மெஷின் துணிய மூடிக் கெடக்கு. அதுக்கு எல்லை எதுக்கு?"

சோமன் யோசித்தார். முக்கிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. எதற்காகச் சிரித்தார்களோ, சோமனுக்கு அது தன்னைப் பற்றியதாகத்தான் பட்டது. "ஞானசிகாமணிக்கும் நீ அடிச்சுக் கொடுப்பியோ?"

"சொசைட்டி நேரத்துல அடிக்கமாட்டேன். அஞ்சு மணிக்குப் பெறகு அவரு இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தா அடிப்பேன். உங்க காகிதத்துல என்ன இருக்குன்னு அவருக்குச் சொல்லமாட்டேன், அவருக்கதுல என்னன்னு உங்களுக்கும் சொல்லமாட்டேன்."

மறுநாள் காலை சொசைட்டி ஆபீசில் துணியை நீக்கி, தூசி தட்டி, மெஷினுக்கு எண்ணெய் விட்டார்கள். ஜெயபாயின் நியமன உத்தரவை அடிக்க அந்த ஆபீசில் வேறு ஆள் இல்லாததால் அவளே உட்கார்ந்தாள். சோமன் சொல்லச்சொல்ல அடித்தாள். 'தற்காலிகம்' என்ற சொல் வந்தபோது விரல்கள் ஒரு நொடி நின்றன. சொன்னதை விட்டுவிட்டு அடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அடித்தாள். மாவிளைக்கோணம் கேரளத்தோடேயே நின்றுவிட்டபிறகும் அந்தத் தற்காலிகம் இருபத்தெட்டு வருடம் ஓடியது.

உத்தரவு முடிந்ததும் சோமன் கையெழுத்திட்டு, மேல்தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

ஜெயபாய் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு கீழ்த்தாளை நீட்டினாள். "மேல்தாள் ஆளுக்கு சார். கார்பன் ஆபீசுக்கு. எல்லா ஆபீசுலயும் அதுதான் வழக்கம்."

சோமன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொறச்சு மங்கலா இருக்கே?"

"கார்பன் பழசு சார்" என்றாள் ஜெயபாய், அடுத்த தாளை மெஷினில் ஏற்றிக்கொண்டே. "ஒரு பெட்டி புதுசுக்கு இப்பமே எழுதட்டா?"