தானாக ஓடும் குளியலறை ஃபான்

நெளுக்குளத்தில் நாங்கள் இருக்கும் வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் இல்லை. முதலில் இருந்தது. சமைக்க இடம் போதாது, குசினியைப் பெருப்பிக்கிறேன் என்று என் கணவர் அந்தப் பக்கம் சுவர் எழுப்பி, இருந்த ஒரேயொரு ஜன்னலையும் அடைத்துவிட்டார். வேண்டாம் என்று அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்? ஒரு மாரிக்காலம் முடிவதற்குள் கூரையோரம் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்து, பக்கத்திலிருக்கும் மகளின் அறைச் சுவருக்கும் பரவிவிட்டது.

மகளுக்கு முட்டு வருத்தம். மழை தொடங்கினால் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். வீட்டு ஈரத்தைப் போக்குங்கள், முடியாவிட்டால் பிள்ளையை வேறு இடத்தில் வைத்திருங்கள் என்றார் வைத்தியர். என் கணவர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அவருடைய அக்காவுக்குக் காற்றோட்டமான மாடி வீடு. மாரிக்கு முன்னரே பிள்ளையை அங்கே விடுவதென்று தானே முடிவு கட்டிவிட்டார்.

"ரெண்டு மூண்டு மாசம்தானே" என்றார்.

"என்ன நடந்தாலும் என்ர பிள்ளையை ஒரு இடமும் விடமாட்டன்" என்றேன்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சுவரைச் சுரண்டிக் கழுவி, புதிதாகப் பெயின்ற் அடித்தேன். குளியலறையில் எக்ஸோஸ்ட் ஃபான் பூட்டுவித்து, கூரைக்கு மேலால் குழாய் விட்டேன். அதோடு முடிந்ததென்று பார்த்தால், மகள் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு ஃபானைப் போட மறந்துவிடுவாள். நான் போட்டால் இவர் வந்து நிற்பாட்டுவார். "ஆளில்லாத அறைக்குள்ள காத்து ஆருக்கு?" என்று ஒரு கேள்வி வேறு. ஆள் வெளியே வந்தாலும் ஆவி உள்ளேதான் நிற்கும் என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனது. மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று ஈரப்பதன் சென்சர் ஒன்றை வரவழைத்து, வயரிங் செய்பவரைக் கொண்டு குளியலறைக்குள் கதவுக்கு மேலே பூட்டுவித்தேன்.

சின்ன வெள்ளைப் பெட்டி. நடுவில் சல்லடைபோலத் துளைகள், கீழே ஈரத்தை எண்ணில் காட்டும் ஒரு திரை. காற்றில் ஈரம் கூடினால் ஃபானைத் தானே ஓடவிடும், குறைந்தால் நிற்பாட்டும். சொன்னபடியே செய்தது. சுவர் காயத் தொடங்கியது. "உம்மட மந்திரப் பெட்டி எத்தினை நாளைக்கு எண்டு பாப்பம்" என்று இவர் சிரித்தார்.

சரஸ்வதி பூசை வந்தது. அன்று பின்னேரம் தொடங்கிய ஃபான் நிற்கவே இல்லை. மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டே இருந்தது. நிலத்தில் சொட்டு ஈரமில்லை, வெளியே நல்ல வெயில், திரையிலோ ஈரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

"விசர் பிடிச்சிட்டுது உம்மட பெட்டிக்கு. இதை நம்பிப் பிள்ளையை வைச்சிருக்கேலாது. அக்காவை நாளைக்கு வரச் சொல்லிட்டன்" என்று இவர் அலுமாரிக்கு மேலிருந்து பையை இறக்கினார். மகள் கட்டிலில் இருந்து என்னையே பார்த்தாள். குளியலறைக்குள் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினேன்.

பெட்டியின் நடுவில், துளைகளுக்கு மேலேயே, அப்பியது அப்பியபடி சந்தனம். அதன் மேல் குங்குமம். பன்னீரில் குழைத்த சந்தனம் துளைகளுக்குள் இறங்கி இன்னும் ஈரமாகவே இருந்தது; பெட்டி காட்டியது அந்த ஈரத்தைத்தான். கீழே நிற்கும்போதும் அந்தப் பொட்டுத் தெரிந்ததுதான். மோட்டார் சைக்கிள், தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி என்று பூசையன்று இவர் பொட்டு வைக்காத பொருள் வீட்டில் எது? கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இஞ்சேருங்கோ, இதென்ன வேலை? பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

"பொட்டை நடுவிலதானே வைக்கிறது" என்றார். பையைக் கீழே வைத்தார். பிறகு, "பிள்ளை இஞ்சையே இருக்கோணும், இது நல்லா வேலை செய்யோணும் எண்டு கும்பிட்டுத்தான் வைச்சனான்" என்றார்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு நாளும் இந்த மனிதன் பிள்ளையைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறார் என்று நினைத்துச் சண்டை பிடித்திருக்கிறேன்.

பெட்டியைக் கழற்றி, துளை துளையாகப் பஞ்சால் துடைத்து, காற்றில் உலரவிட்டுத் திரும்பப் பூட்டினோம். கதிரையை அவர்தான் பிடித்துக்கொண்டார். திரையில் எண் இறங்கியது, ஃபான் நின்றது. மகளைச் சுடுதண்ணீரில் குளிக்கச் சொன்னேன். உள்ளே ஆவி எழுந்ததும் ஓடத் தொடங்கியது. அவள் தலை துவட்டிக்கொண்டு வந்த பிறகும் ஓடியது. மூவரும் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருவரும் தொடாமல் அது நின்றது. மாரி வரட்டும், பார்ப்போம் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

இவர் ஃபோனை எடுத்தார். "அக்கா, நாளைக்கு வரவேண்டாம். பிள்ளை எங்களோடயே இருக்கட்டும்" என்றார். பிறகு ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு, பையைத் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்தார்.