அரையங்குலத்தக்கா

நடுவிரல் கணுவால் சுவரில் ஒரு தட்டு. காதை ஒட்டி ஒரு மூச்சு நேரம். ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டு. இந்த வேலையில் இருக்கும்போது பக்கத்தில் கூரையே இடிந்தாலும் அக்கா திரும்பமாட்டார். 'டொம்' என்றால் பின்னால் வெற்றிடம். 'டக்' என்றால் தகரச் சட்டம். இரண்டுக்கும் நடுவே மழுப்பலாக ஏதாவது கேட்டால் நின்றுவிடுவார். "இங்க யாரோ குடியிருக்காங்க" என்பார். குழாயையும் வயரையும்தான் அப்படி மரியாதையாகச் சொல்கிறார்.

ஜிப்சம் பலகைச் சுவர்களில் திறப்பு வெட்டுவது அவர் தொழில். வயது நாற்பத்தெட்டு. உயரம் போதாததற்கு இரண்டு படி வைத்த ஸ்டூல் ஒன்றைப் போகிற வீடெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறார். கட்டட ஆட்களிடம் சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது; அரையங்குலத்தக்கா என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். பலகையின் கனம் அரை அங்குலம். எந்த ரம்பத்தை எடுத்தாலும் நுனியிலிருந்து அந்த அளவு விட்டு, பிளேடைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டுவார். டேப் சுவரைத் தொட்டதும் கை நிற்கும். ஒவ்வொரு சுவருக்கும் புது டேப்.

மெஷின் மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. புதுப் பலகை, பின்னால் ஒன்றுமே ஓடவில்லை என்று தெரிந்தால் சுற்றும் கட்டரை எடுத்து நாற்பது ஸ்விட்சுப் பெட்டிக்கான இடத்தை மதியச் சாப்பாட்டுக்குள் வெட்டித் தள்ளிவிடுவார். கூரை விளக்குக்கு வட்டமாக வெட்டும் பிட். ஆள் குடியிருக்கும் வீட்டில் மட்டும் கை ரம்பம். "காலி ரோட்டுல பறக்கலாம். அதே வண்டிய வீட்டுக்குள்ள ஓட்டுவீங்களா?"

யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. ஜிப்சம் பலகையில் பொய்க்கூரை போடுகிற கோஷ்டி ஒன்றில் தூசி கூட்ட வந்தவர், அவர்கள் கழித்துப்போட்ட துண்டுப் பலகைகளை வெட்டி வெட்டியே படித்துக்கொண்டார்.

சென்ற மாதம் ஒரு தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். படுக்கையறைச் சுவரின் அடியில் ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய் இணைப்பு உள்ளே எங்கோ கசிகிறது. குளியலறையில் புது டைல்ஸ், கைவைக்க முடியாது. படுக்கையறைப் பக்கமோ சுவர் முழுக்கக் கொடியும் இலையும் படர்ந்த வால்பேப்பர். தையல்காரம்மாவே பதினோரு நாள் உட்கார்ந்து, இலைக்கு இலை பொருத்தி ஒட்டியது. அந்த ரகம் இப்போது கடையில் கிடையாது. ஏற்கெனவே வந்து பார்த்த இரண்டு பேர், சுவரை மொத்தமாகப் பிரிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

குழாயைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டவர் அக்காவின் கொழுந்தன். இருபது வருட பிளம்பர், பொறுமைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா உள்ளே நுழையும்போதே கொழுந்தன் பென்சில் கோடு போட்டு, பேட்டரி ரம்பத்தையும் கையில் எடுத்திருந்தார்.

"அண்ணி, நீங்க தட்டித் தட்டிப் பாக்கறதுக்குள்ள பொழுது போயிடும். அளந்துட்டேன். மூணடி ரெண்டங்குலம். ரெண்டு நிமிஷ வேலை."

"எங்கேருந்து அளந்தீங்க தம்பி?"

"எடது மூலையிலேருந்து."

"பாத்ரூம்ல?"

"அங்கயும் எடது மூலைதான். என்ன அண்ணி, எனக்கே பாடமா?"

அக்கா ஜன்னலைக் காட்டினார். "பாத்ரூம்ல சுவரப் பாத்து நிக்கும்போது தெரு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எடது..." கொழுந்தனின் கை பாதியில் நின்றது. இங்கே சுவரைப் பார்த்து நின்றால் தெரு வலப்பக்கம்.

"எடது கை நம்மகூடத் திரும்பும் தம்பி. தெரு திரும்பாது."

தெருப்பக்கத்து மூலையிலிருந்து மறுபடி அளந்தபோது, புது அடையாளம் பென்சில் கோட்டிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளி விழுந்தது. பழைய கோட்டுக்கு நேர் கீழே பிளக் பாயிண்ட். அதற்கான வயர் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் ஏறும். தையல்காரம்மா அந்தக் கோட்டையும் பேட்டரி ரம்பத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க. நானும் ஒரே நாள்ல நாலு ஓட்டை போட்டிருக்கேன், நாலும் இதே தப்பு" என்றார் அக்கா. புது இடத்தில் தட்டினார். மழுப்பலான சத்தம். "இருக்காங்க."

பிறகு நடந்தது சாவகாசமாக நடந்தது. கத்தியின் முனையை ஒடித்துப் புதுக்கூர் எடுத்து, கொடியின் தண்டையும் இலைகளின் ஓரத்தையும் பிடித்தபடியே காகிதத்தை மட்டும் கீறினார். கீறலின் வெளி ஓரத்தை ஈரத்துணியால் ஒற்றி, விரல் அகலத்துக்கு உரித்து மடித்தார். மூன்று ரம்பங்களில் ஆகச் சிறியதை எடுத்து டேப் ஒட்டினார். சாய்த்து வெட்டப்போவதால் அரை அங்குலத்துக்கு மேல் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூட்டி. உரித்த காகிதத்துக்கு அடியில் ரம்பம் நுழைந்தது. நேராக வெட்டினால் துண்டு உள்ளே விழும். சாய்த்து வெட்டினால் மூடிபோல உட்காரும். ஒரு சாண் அகலப் பலகை, இலைகளோடு, ஓரம் உதிராமல் கையில் வந்தது.

திறப்புக்கு நடுவில் குழாய் இணைப்பு. நட்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. பலகைக்கும் குழாய்க்கும் இடையே ஒரு விரல் நுழையவில்லை.

கொழுந்தன் பேட்டரி ரம்பத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். வாஷரை மாற்றி, நட்டை இறுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டு நட்டின் அடியில் உலர்ந்த காகிதம் ஒன்றை அரைமணி நேரம் பிடித்துப் பார்த்தார். நனையவில்லை.

அக்கா துண்டைப் பசை தடவிப் பொருத்தி, ரம்பம் தின்ற இடைவெளியைக் குழைத்த ஜிப்சம் மாவால் நிரப்பி, காய்ந்ததும் காகிதத்தை அதன்மேல் இறக்கி ஒட்டினார். ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

"இப்ப வந்து பாருங்கம்மா."

முப்பது வருடம் தையலையே பார்த்த விரல்கள் தையல்காரம்மாவுடையவை. இலை இலையாகத் தடவினார். குனிந்தார், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். "அடிப்பாவி! எங்கம்மா வெட்டுனே?" என்றார். மரியாதை பறந்துபோனது அவருக்கே தெரியவில்லை. கொழுந்தன் போன் வெளிச்சத்தை அடித்துத் தேடினார். "இங்கதான்... இல்ல, இங்க..." இரண்டு பேரும் இரண்டு இலைகளைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள்.

அக்கா அதற்குள் பையைத் தோளில் மாட்டி, ஸ்டூலை மடக்கிக் கையில் எடுத்திருந்தார். கிளம்புகிற வழியில் அவர்களைத் தாண்டும்போது, சுவரைப் பார்க்காமலே, இரண்டு பேரும் காட்டாத ஓர் இலையில் நடுவிரல் கணுவால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.