லைனில் நிற்பவர் க்யூவில் நிற்கவில்லை

இன்று காலை சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே சரளா உட்கார்ந்திருந்தார். ஒரகடம் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்தில் பேசியவர். சில கல்லூரிகளில் சமூகவியல் வகுப்புக்கு அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார்.

நேற்று அவர் மகளின் வகுப்பில் அந்தப் படம் ஓடியிருக்கிறது.

"தமிழ் தெரியாத பொண்ணு ஒண்ணு என் பொண்ணாண்ட கேட்டுகிறா சார். உங்கம்மா எதுக்குப் பத்து வருஷமா க்யூல நிக்கிறாங்க, ரேஷனுக்கான்னு."

ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். சரளா சிரிக்கவில்லை.

படத்தில் அவர் சொல்வது, "பத்து வருஷமா லைன்ல நிக்கிறேன்." கார் பாகங்கள் பூட்டும் அசெம்பிளி லைன். ஆங்கில சப்டைட்டில் எழுதிய வெளியூர்க்காரர் அதை வரிசையில் காத்திருப்பதாக்கிவிட்டார். சரிபார்த்து அனுப்பியவன் நான்.

"லைன்ல நிக்கிறேன்னா வேலை செய்யறேன்னு அர்த்தம். சும்மா நின்னா சூப்பர்வைசர் வுடுவாரா?"

"மாத்திடறேம்மா."

"எப்போ? வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைப் பத்தி என் பொண்ணு கிளாஸ்ல பேசணும். மறுபடி எல்லாம் சிரிச்சா அவ பேசவே மாட்டா."

ஒரகடத்தில் இறங்கி, டீக்கடையிலேயே மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைத் திருத்தினேன். மதியத்துக்குள் புதிய பிரதி அந்தக் கல்லூரிக்குப் போய்விட்டது. மற்ற கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பிரதி மாறும்வரை விடப்போவதில்லை.

பழைய பிரதி வைத்திருக்கும் ஆசிரியர்கள் கீழே சொல்லுங்கள். சொல்லாதவர்களின் கல்லூரிப் பெயரை சரளாவிடம் கொடுத்துவிடுவேன்.