பாத்துக் குடுங்க

யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள இறப்பர் தோட்டங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், பெண் வீட்டார் முதலில் தேடிப் போவது கலைச்செல்வியைத்தான். பெண்ணைச் சோடிப்பதில் அவளுக்குக் கைராசி என்று பேர். எந்த முகத்தையும் அவள் மாவு பூசிக் கெடுத்ததில்லை. வந்தவர்கள் நாளைச் சொல்லி, நகையையும் பூவையும் பேசி, தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள்.

"எவ்வளவும்மா ஆகும்?"

அவ்வளவுதான். அதுவரை படபடவென்று பேசிக்கொண்டிருந்தவளின் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கண் தரைக்குப் போய்விடும். முந்தானை நுனியைச் சுருட்டியபடி சொல்வாள்:

"அதென்னங்க... பாத்துக் குடுங்க."

அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 1998இல் ஆனி மாதத்து முகூர்த்தம் ஒன்று. ஆட்டோ போகாத மலையுச்சியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அலங்காரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிப் போய், விடிவதற்குள் பெண்ணைத் தயாராக்கிவிட்டாள். பார்த்தவர்களெல்லாம் வாயில் கைவைத்தார்கள். திரும்பும்போது பெண்ணின் தாய் மனம் நிறைந்து கொடுத்தது ஒரு பலாப்பழமும் ஒரு சேவலும்.

கீழே ரோட்டோரத்தில் ஆட்டோவோடு காத்திருந்த புருஷன் இந்திரகுமார், பெண்டாட்டி சேவலை இடுக்கிக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் திணறினான்.

"இதுக்கும் அரை டிக்கட் போடணுமா?"

"சும்மா இருங்க. அதுங்களே பாவப்பட்ட சனம்."

"பாவந்தான். நேத்து அவிசாவளையில பூ வாங்கினமே, அவன் பாவம் பாத்தானா? நானும் ஆட்டோவுல ஏறுற ஆளுங்ககிட்ட பாத்துக் குடுங்கன்னு சொன்னா, பெற்றோல் ஷெட்காரன் பாத்து ஊத்துவானா கலா?"

"ஒங்க தொழில் வேற, என் தொழில் வேற. நல்ல காரியம் நடக்கிற வீட்டுல போய்க் காசு பேசினா வாய் கூசுதுங்க."

வாய் கூசுவது பொய்யில்லை. தொழிலைக் கற்ற இடத்தில் அவளுக்குக் கூச்சம் இருந்ததில்லை. 1992இல் படிப்பு நின்றதும் கொழும்பில் ஓர் அழகு நிலையக்காரியின் வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனவள் அவள். கடையில் ஆள் குறைந்த நாட்களில் அங்கேயும் கூட்டிப்போனார்கள். தலை வார, கொண்டை போட, முகத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்க அங்கேதான் கற்றாள். அங்கே காசு வாங்கியது கல்லாப் பெட்டியில் இருந்தவர். அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கூச்சம் அதற்கும் முந்தியது. அவள் தாய் மூக்காயி தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டியவள். முறுக்குச் சுடுவதிலும் கெட்டிக்காரி. கலைச்செல்வி சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அடுத்த லயத்துச் சடங்குக்கு மூக்காயி ஒரு கடகம் நிறைய முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். காசு வந்தபாடில்லை. வீட்டில் அரிசி இல்லை என்று தெரிந்த பிள்ளை, யாரும் சொல்லாமலே போய், "முறுக்குக் காசு தாங்க" என்று கேட்டுவிட்டது. அந்த வீட்டுக்காரி தண்ணீர்ப் பீலியடியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஒங்காத்தா ஒன்னைய வசூலுக்கு அனுப்பிட்டாளா?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். செய்தி மூக்காயிக்கு எட்டியதும் மகளின் கன்னத்தில் ஒன்று விழுந்தது. "கேட்டு வாங்குற சாதியாடி நாம? இனி எவகிட்டயும் காசுன்னு வாயத் தொறக்காத."

அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

2003இல் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பளீலின் மனைவி றுகையா, மூத்த மகள் ஸாஹிராவின் கல்யாணத்துக்காகக் கலைச்செல்வியைக் கடைக்கே வரச் சொன்னாள். முந்தின மாதம் ஒரு வீட்டில் அவள் கைவேலையைப் பார்த்து மயங்கிவிட்டிருந்தாள். பெரிய இடம். நல்லபடியாக முடிந்தால் பஜார் முழுக்கப் பேர் பரவும். ஸாஹிராவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முக்காட்டை எப்படி மடிக்கலாம், நெற்றிச் சுட்டி எங்கே நிற்கலாம் என்று கலைச்செல்வி சொல்லச் சொல்லத் தாயும் மகளும் பூரித்துப் போனார்கள்.

"சரி தங்கச்சி, எவ்வளவு எடுக்கிறீங்க?"

"பாத்துக் குடுங்க ராத்தா," என்றாள், அந்த வீட்டு முறைப்படி அக்கா என்று அழைத்து.

றுகையா சிரித்தாள். "இல்ல, சொல்லுங்க."

"நீங்க குடுக்கிறத வாங்கிக்கிறேன் ராத்தா."

இரண்டு மூன்று முறை கேட்டபின் றுகையாவின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "நான் எதப் பாக்கிற தங்கச்சி? கூடத் தந்தா என்ட மனுசன் என்னை மடச்சி எண்டுவார். கொறையத் தந்தா நீங்க பஜார் முழுக்க என்னைக் கஞ்சம் எண்டு சொல்லுவீங்க. கல்யாண வேலையோட நான் இதையும் யோசிச்சிக்கொண்டு இருக்கணுமா?"

கலைச்செல்வி முந்தானை நுனியைச் சுருட்டினாள். ஒரு தொகை நெஞ்சில் இருந்தது, தொண்டையைத் தாண்டவில்லை.

அவிசாவளையிலிருந்து வேறொருத்தியை ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று அடுத்த கிழமை தெரிந்தது. அவள் கேட்டது கலைச்செல்வி நினைத்ததைப் போல நான்கு மடங்கு. பளீல் மறுபேச்சில்லாமல் கொடுத்தாராம்.

அன்றைக்கு அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. "காசு கேட்டா கோவிச்சுக்குவாங்கன்னுதான நெனச்சேன்? கேக்கலேன்னு கோவிச்சுக்கிட்டுப் போறாங்களே!" என்று பொருமிக்கொண்டே அவள் துருவிய தேங்காய்த் துருவலில் சிரட்டையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருடம் தான் காட்டியது அடக்கம் என்று நினைத்திருந்தாள். எதிரில் இருப்பவரின் தலையில் பாரத்தை இறக்கிவைக்கிற வேலை அது என்று றுகையா சொன்னபிறகுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அடுத்து வந்த வீட்டிலும் அதே "பாத்துக் குடுங்க" தான் வந்தது.

கதவு திறந்தது அவள் எதிர்பாராத பக்கத்தில். கரவனெல்லையில் ஒரு சிங்கள வீட்டுப் பெண்ணுக்குச் சேலை கட்டி, கொண்டை போட்டுவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். பெண்ணின் தாய் கைப்பையைத் திறந்தபடி, "கீயத நங்கி?" என்றாள். எவ்வளவு தங்கச்சி என்று.

"துன்தாஹய் நோனா."

மூவாயிரம் என்று சொன்னது யார் என்று கலைச்செல்வியே திரும்பிப் பார்த்திருப்பாள். அந்த அம்மாள் "ஹரி" என்று ஒப்புக்கொண்டு எண்ணிக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. இடி விழவில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். சிங்களம் அவளுக்குக் கடையிலும் பஸ்ஸிலும் வந்த பாஷை. மரக்கறி விலையும் டிக்கட் விலையும் கேட்டுக் கேட்டுப் பழகியது. அந்தப் பாஷையில் காசு என்றால் வெறும் காசுதான். யாரும் அதில் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை, கன்னத்தில் அடித்ததுமில்லை.

அந்த மாதமே பழனியப்பன் வந்தார். தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர், தூரத்து உறவில் மாமா முறை. மகள் தனுஜாவுக்குக் கல்யாணம்.

"எவ்வளவு புள்ள ஆகும்?"

நாக்கு வழக்கம்போல மேலே போனது. கலைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"துன்தாஹய்."

பழனியப்பன் திடுக்கிட்டு, வாசலில் சிங்கள ஆள் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. எதிரே கலைச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, சபை மரியாதை தெரிந்த மனுஷர் ஆகையால், அதே பாஷையில் பேரம் பேசினார்.

"டிகக் அடு கரன்ன பெரித?" கொஞ்சம் குறைக்க முடியாதா என்று.

"பே மாமா." முடியாது.

"ஹரி, எஹெனம் ஹரி," என்று அவர் வெற்றிலையைக் கையில் கொடுத்தார். சரி என்றால் சரி. வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த இந்திரகுமார் துணியை வாயில் அடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஊரும் பழகிக்கொண்டது. "அந்தப் புள்ள எல்லாம் தமிழ்ல பேசும், வெலைய மட்டும் சிங்களத்துல சொல்லும். அது அதுக்கு ஒரு சாத்திரம் போல" என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் புதிய அலமாரி வந்தது. ஆட்டோவுக்கு நாலு நல்ல டயர் வந்தது. கொழும்பு பெட்டா கடையில் வாங்கிய சொந்த நகை செட் வந்தது. வாடகை நகைக்கு அலைய வேண்டியதில்லை.

மூக்காயி தோட்ட வேலையிலிருந்து நின்று மகளோடு வந்து தங்கியது 2005இல். ஒருநாள் பேரம் முடிந்து, வந்தவர்கள் போனதும் கிழவி கேட்டாள்.

"ஏண்டி, அதென்ன வெலைய மட்டும் சிங்களத்துல சொல்ற?"

கலைச்செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "தமிழ்ல வரமாட்டேங்குதும்மா. நீதான் அன்னைக்கு அடிச்சியே. முறுக்குக் காசு கேட்டதுக்கு."

"எந்த முறுக்கு?"

"அடுத்த லயத்துச் சடங்குக்குச் சுட்ட முறுக்கும்மா. பீலியடியில எல்லாரும் சிரிச்சாங்க. நீ கன்னத்துல அடிச்ச."

மூக்காயி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நல்லா யோசித்தாள். "நான் அடிச்சனா? எனக்கு நெனப்பில்லையே. ஒன்னைய எத்தனையோ தரம் அடிச்சிருக்கேன். இதுக்குமா அடிச்சேன்?" பிறகு ஞாபகம் வந்தவள்போலச் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். "அதுக்கு அந்தக் காசு வந்துச்சா இல்லையா?"

"வரலம்மா."

"பாத்தியா! அந்தச் சிறுக்கி ஏமாத்திட்டா!"

கலைச்செல்வி அரிசியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இருபத்தைந்து வருடமாக அவள் பத்திரமாக வைத்துக் காத்த அடியை, அடித்தவள் அன்றைக்கே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மூக்காயிக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்க மறக்கவில்லை.

"இப்ப எவ்வளவு வாங்குற?"

"மூவாயிரம்."

"பத்தாதுடி. பூ விக்கிற வெலைக்கு மூவாயிரமா? கேக்க மாட்டியா நீ?"

அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த அன்னலட்சுமி என்ற பெண்ணிடம்தான் முதல்முறை தமிழில் சொன்னாள். காது சுட்டது, குரல் ஒரு மாதிரி கீச்சென்று வந்தது. ஆனாலும், "நாலாயிரம் ஆகுங்க. பூவும் நகையும் என்னோட" என்று முழுசாகச் சொல்லிவிட்டாள். அன்னலட்சுமி, "முன்காசு எவ்வளவு வைக்கணும்?" என்று கேட்டாள். முன்காசு என்ற ஒன்று இருப்பதே கலைச்செல்விக்கு அப்போதுதான் உதித்தது.

இலவசமாகச் செய்வதை அவள் விட்டுவிடவில்லை. தகப்பனில்லாத ஒரு பெண்ணின் தம்பி தயங்கித் தயங்கி வந்து நின்றபோது, முதலில் தெளிவாகச் சொன்னாள்: "என் கூலி நாலாயிரம் தம்பி." அவன் முகம் விழுந்தது. "அது என் சீர்னு அக்காட்ட சொல்லு. பூவுக்கு மட்டும் காசு கொண்டா." முன்பெல்லாம் காசில்லாமல் வீடு திரும்பும்போது நெஞ்சில் ஒரு புகைச்சல் இருக்கும். அந்தக் கல்யாணத்திலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

2008இல் பஜாரில் மருந்துக்கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். ஆளுயரக் கண்ணாடி, சுழலும் நாற்காலி, வாசலில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை. கூட வேலைக்கு டிலானி என்ற பெண்ணைச் சேர்த்துக்கொண்டபோது, சம்பளம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டாள். அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு, "நீங்க பாத்துக் குடுங்கக்கா" என்றது.

"அதெல்லாம் இங்க ஆகாது. வெளிய போய் நின்னு யோசிச்சிட்டு வந்து சொல்லு," என்றாள் கலைச்செல்வி.

டிலானி வெளியே போய் மருந்துக்கடை வாசலில் வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்து ஒரு தொகையைச் சொன்னபோது அவள் காது சிவந்திருந்தது. கலைச்செல்வி மனதில் வைத்திருந்ததைவிட அது கூடுதல்.

கொஞ்சம் பேரம் பேசிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.