வாசலின் அந்தப் பக்கம் நின்றவர்

வேலுச்சாமி சார் போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் பழனிசாமி. கத்தரியைத் துணிமேல் வைத்துவிட்டு வந்து நின்றார். "சார் தவறிட்டாருங்க, மொதலாளி. நான் போகோணுங்க." என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது: "இந்த லாட்டை வெட்டி முடிச்சுட்டுப் போறதுதானே?" அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாரின் நினைவு மலருக்கு இதை மறைக்காமல் எழுதுகிறேன். சாரை அறிந்த உங்களிடம் பாதியை மறைத்துப் பேசினால், இதுவும் நாம் நடத்திய இரங்கல் கூட்டத்தைப் போலத்தான் ஆகும்.

அந்தக் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட மண்டபத்தில் பெரிய படம், ரோஜா மாலை. ஆசிரியர் தொழிலைப் போலப் புனிதமானது உண்டா என்று ஏழு பேர் பேசினோம். ஏழு பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள். எங்கள் யார் வீட்டிலும் ஒரு வாத்தியார் கிடையாது. வாத்தியார் மாப்பிள்ளைகூடக் கிடையாது. "வாத்தியாருங்களா? வேற நல்ல எடமாப் பாருங்க" என்று தரகரைத் திருப்பி அனுப்பியவர்தான் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிக நேரம் பேசினார். அவருக்கு அடுத்து நான் பேசினேன். இரங்கல் கூட்டம் என்பதையும் மறந்து எனக்குக் கை தட்டினார்கள்.

சாரும் நானும் பழகியதெல்லாம் பள்ளிக்கூட வாசலில்தான். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிகிற நாள் கம்பெனி ஆட்கள் வாசலில் நிற்பது நம் ஊர் வழக்கம். வெளியே வரும் பையனுக்குப் புதுப் பனியன் ஒன்று கொடுப்போம். வாங்கிக்கொண்டவன் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் சொல் தவறியவன். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவனே நான்தான். நல்லூரில் ஒரே ஒரு தையல் மெஷினோடு தொழில் தொடங்கியவன். கணக்குத் தெரிந்த பையன்கள் எனக்கு வேண்டியிருந்தார்கள்.

வாசலின் மறுபக்கம் சார் நிற்பார். ஆறிலிருந்து எட்டு வரை கணக்கு எடுத்தவர். கக்கத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பக் கட்டு. தாமே கோயமுத்தூர் போய் வாங்கி வந்தது. "கண்ணு, இதையும் ஒரு பார்வை பாரு" என்று நீட்டுவார். பையன்கள் அதையும் வாங்கி, அதிலேயே பனியனைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"என்னங்க சார், நம்ம சரக்குக்கு நீங்க பொட்டலம் கட்டித் தர்றீங்களா?" என்பேன்.

"பாய், உங்க பனியன் நாலு தொவைப்புல சுருங்கிரும். தாளு சுருங்காதுங்க. எவனாச்சும் ஒருத்தன் ஊட்டுல போயிப் பிரிச்சுப் படிப்பான்" என்பார்.

ஒருமுறை அவருடைய சைக்கிளைக் காட்டி, "டயர் மாத்த வழியில்லாம நீங்களே கயிறு சுத்தி ஓட்டறீங்க. புள்ளைகளையும் எதுக்கு இதுல இழுத்து விடறீங்க?" என்று கேட்டேன். வெடுக்கென்று கேட்டதுதான். அவர் கோபப்படவில்லை. "புரியாத மூஞ்சி ஒண்ணு திடீர்னு புரிஞ்ச மூஞ்சியா மாறும் பாருங்க, பாய். அத ஒருக்காப் பாத்தவன் வேற வேலைக்குப் போக மாட்டான். பாக்கறதுக்கு முன்னாலயே நீங்க புடிச்சுட்டுப் போயிடறீங்களே" என்றார்.

பார்த்தவன் ஒருவன் இருந்தான். சார் வராத நாளில் சின்ன வகுப்புக்குப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்த வேலம்பாளையத்துப் பையன், இந்தப் பழனிசாமி. தாளைப் பிரித்துப் படித்தவனும் அவன்தான். படித்து, நிரப்பி, கையெழுத்துக்காக அப்பாவிடம் கொடுத்திருந்தான். விஷயம் தெரிந்ததும் நான் அவர்கள் வீட்டுக்கே போனேன். "பையன் நம்ம பனியனை வாங்கிட்டானுங்களே" என்றேன். அது போதுமாக இருந்தது. அப்பா தாளை மடித்து மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுவாரம், பழனிசாமி கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்த அந்தத் தாளோடு சார் என் கம்பெனிக்கு வந்தார். "இத்தன பேரக் கூட்டிட்டு வந்தீங்க, பாய். ஒருத்தன விட்டுக் குடுங்க" என்றார்.

"அவனையே கேளுங்க."

பழனிசாமி என் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "பனியன வாங்கிட்டேனுங்க, சார்."

சார் தாளைக் கட்டிங் மேஜைமேல் வைத்தார். "மனசு மாறுனா தேவைப்படுமுங்க. இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பழனிசாமி உள்ளே மெஷின் பக்கம் போய்விட்டான். நானோ, புது மாதிரிப் பனியனுக்குக் கை அளவு வரைய ஒரு காகிதம் தேடிக்கொண்டிருந்தேன். கைக்கு அகப்பட்டது அதுதான். திருப்பிப் போட்டு, பென்சிலால் வரைந்து, வெட்டினேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் துணி வேஸ்டோடு போயிற்று. அதற்குள் சாருடைய சைக்கிள் தெருமுனைகூடத் தாண்டியிருக்காது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் சார் அந்த வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தால், "சௌக்கியங்களா, பாய்?" என்று கேட்கவும் தவறவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எட்டாவது படிக்கும் என் மகள் போன வாரம் சொன்னாள்: "அத்தா, கணக்கு பீரியட்ல எங்களச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்றாங்க. சார் எடத்துக்கு ஆளே கெடைக்கலையாம். ஏன் அத்தா, யாருமே வாத்தியாருக்குப் படிக்கலையா?" அவளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியவர் என் மேஜையில் கத்தரி பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரை அங்கே நிறுத்தியவன்தான் மண்டபத்தில் கைதட்டு வாங்கியவன். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சாருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள். ஒரு பக்கம் பழனிசாமி என்ற பெயர், அழகான எழுத்தில். மறுபக்கம் என் பென்சில் கோடு. அதைப் பார்த்துச் செய்த அட்டையை வைத்துத்தான் இன்றும் எங்கள் பனியனுக்குக் கை வெட்டுகிறோம். வெட்டுகிறவர் பழனிசாமி. அந்த அட்டை எதிலிருந்து வந்தது என்று அவருக்கு இதுவரை தெரியாது. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.